50 லிட்டர் கிட் பேக்: வெளியூர் ஆட்டங்களுக்குத் தாங்குமா?

2023-24 சீசனில் இந்திய மகளிர் லீக் கால்பந்துப் போட்டி, சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் உள்ளூர்-வெளியூர் முறைக்கு மாறியது. அதற்கு முன் எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி ஆடி முடித்துவிடுவோம். மாறிய பிறகு புவனேஸ்வர், கொல்கத்தா, பெங்களூரு என்று ஓட வேண்டியிருந்தது. அதனால் பை விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்தது, அடியில் பூட்ஸுக்கென்று இருக்கும் தனி அறை. செயற்கைப் புல்தரையில் ஆடினால் தரையில் கிடக்கும் கறுப்பு ரப்பர் துகள் பூட்ஸ் அடியில் உள்ள ஸ்டட் இடுக்கு, சாக்ஸ் மடிப்பு என்று எங்கும் புகுந்துவிடும். இதில் அந்த அறையை மட்டும் திறந்து உதறினால் போதும், ஜெர்சியில் ஒட்டாது. காற்றுத் துளைகள் இருப்பதால் ஈர பூட்ஸின் நாற்றமும் குறைவு. ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் சுலபமாக நுழைகிறது.

பக்கவாட்டு ஜிப் பாக்கெட்டில் நாப்கின், வலி மாத்திரை, டேப் வைத்துக்கொள்கிறேன். அவசரத்தில் எல்லார் முன்னாலும் பையைக் கவிழ்த்துத் தேட வேண்டியதில்லை. எங்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

தோளில் மாட்டும் பட்டையில் மெத்தை போதாது. ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போது அறுக்கிறது. கோல்கீப்பர்களுக்குக் கையுறையும் சேர்த்தால் இடம் பத்தாது, அவர்கள் இதைவிடப் பெரிய அளவு வாங்கலாம்.