அக்ரா எஃப்எம்களை இணையத்தில் கேட்பது: காசு வேண்டாம், பொறுமை வேண்டும்

பாட்டுச் செயலிகளில் ஆஃப்ரோபீட்ஸ் (மேற்கு ஆப்பிரிக்காவின் இன்றைய பாப் இசை) என்று தேடிப் பாருங்கள், வருவதில் பெரும்பகுதி நைஜீரியாதான். பர்னா பாய், விஸ்கிட், ரெமா என்று போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து மேற்கே பெனினையும் டோகோவையும் தாண்டினால் வருகிற கானாவுக்கு நடுவில் ஒன்றிரண்டு பாட்டு கிடைத்தால் பெரிய விஷயம். கானாக்காரர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அந்தப் பட்டியல்களை மூடிவிட்டு தலைநகர் அக்ராவின் வானொலிகளை நேரலையில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கணக்கு திறக்கக்கூடத் தேவையில்லை.

ஆங்கிலம் போதும் என்பவர்கள் ஜாய் எஃப்எம் 99.7-ல் தொடங்கலாம். 1995-ல் வந்தது, நாட்டின் முதல் தனியார் வணிக எஃப்எம். அதற்கு முன்பு, 1935-ல் ஆங்கிலேய ஆட்சியில் கம்பிவழி ஒலிபரப்பாகத் தொடங்கிய காலத்திலிருந்து வானொலி என்றாலே அரசாங்கம்தான். 1994-ல் ரேடியோ ஐ என்று ஒன்று அனுமதி வாங்காமலே ஒலிபரப்பப் போக, அரசு அதன் கருவிகளைப் பறிமுதல் செய்ய, அந்தச் சண்டைக்குப் பிறகுதான் கதவு திறந்தது. ஆனால் என்னைக் கேட்டால் மொழி புரியாவிட்டாலும் பீஸ் எஃப்எம் 104.3 பக்கம் போங்கள். 1999-ல் ஆங்கிலத்தை ஓரங்கட்டிவிட்டு அக்கான் மொழியில் பேச ஆரம்பித்தார்கள், ட்ரோட்ரோ என்கிற மினிபஸ், முடிவெட்டும் கடை, சந்தை என்று எல்லா இடத்திலும் அதுவே ஓடியது, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

காலையில் மட்டும் பாட்டை எதிர்பார்க்காதீர்கள். பீஸில் குவாமி செஃபா காயி நடத்தும் கொக்ரோகூவில் முழுக்க அரசியல்தான். அன்றைய செய்தித்தாள்களை எடுத்து வைத்து, ஆங்கிலத் தலைப்பை துவியில் (அக்கானின் ஒரு வடிவம்) சொல்லி, நடுவில் பழமொழி போட்டு, அதற்கு எதிர்க்கட்சிக்காரர் மல்லுக்கட்டி, நம் டீக்கடை பெஞ்சுக்கு மைக் வைத்தது போலத்தான் இருக்கும். கானா நேரத்தைவிட நம் நேரம் ஐந்தரை மணி முன்னால், ஆக அவர்களுடைய காலை ஆறு நமக்குப் பதினொன்றரை. துவி தெரியாதவர்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. நான் தவிர்ப்பதில்லை, அந்தக் குரல்களின் ஏற்ற இறக்கமே எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஹைலைஃப், கானாவின் பழைய நடன இசை. இதற்காகத்தான் இவ்வளவும். இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போக, பாடகர் அவசரமே இல்லாமல் குடும்பச் சண்டை, பொறாமை, பணம், மரணம் என்று பேசிக்கொண்டே பாடுவார். 1950-களில் ஈ.டி. மென்சாவின் டெம்போஸ் குழு ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனுமாக நடன அரங்குகளை ஆண்டது, 1956-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ரா வந்தபோது வரவேற்றவர்களில் மென்சாவும் உண்டு. கிட்டார் இசைக்குழுக்கள் அதற்கு இணையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. 1981 கடைசி நாளில் ராணுவ அதிகாரி ராலிங்ஸ் ஆட்சியைப் பிடித்த பிறகு போட்ட ஊரடங்கு இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்ததில் இரவுக் கச்சேரிகளின் பிழைப்பு போனது. கருவிகளுக்கு இறக்குமதி வரி வேறு. பாதிப் பேர் ஜெர்மனிக்குப் பறந்து, அங்கே சிந்தசைசரையும் ட்ரம் மெஷினையும் சேர்த்து பர்கர் ஹைலைஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் டார்கோ தொடக்கி வைத்தது, டாடி லும்பா வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. இன்னொரு கூட்டம் தேவாலயத்துக்குள் போனது, ஏனென்றால் அங்கேதான் கிட்டாரும் இருந்தது, வாசிக்க மேடையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் காஸ்பல் என்கிற கிறிஸ்தவப் பாட்டு ஓடுகிறதே, அதிலும் கிட்டார் அப்படியே ஹைலைஃப்பாகக் கேட்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

2025 ஜூலையில் டாடி லும்பா இறந்தார். பாட்டுச் செயலியில் அவரைத் தேடினால் ஆல்பங்கள் கலைந்துபோய், பழையதும் புதியதும் முன்பின் இல்லாமல் கிடக்கும். வானொலியில் அப்படியில்லை, எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வர வேண்டும் என்று அறிவிப்பாளருக்குத் தெரிகிறது. குறிப்பாகச் சனிக்கிழமை. கானாவில் சனிக்கிழமை என்றால் ஊரெல்லாம் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு இறுதிச் சடங்குக்குப் போகிற நாள், அங்கேயும் ஒலிபெருக்கியில் இதே பாடல்கள்தான். அதனால் சனிக்கிழமை மதியம் வருகிற பழைய ஹைலைஃப் தொகுப்புகளை விடாதீர்கள், நமக்கு அது சாயங்கால நேரம்.

இளவட்டத்தின் ரசனை வேறு. 90-களில் ரெஜி ராக்ஸ்டோன் துவியில் ராப் செய்ததிலிருந்து ராப்பும் ஹைலைஃப்பும் கலந்த ஹிப்லைஃப், பிறகு அசோன்டோ என்கிற ஆட்டப்பாட்டு, ஜமைக்காவிலிருந்து வந்த டான்ஸ்ஹால் என்றால் ஷாட்டா வாலேயா ஸ்டோன்பாயா என்ற தீராத ரசிகர் சண்டை, இப்போது பிளாக் ஷெரிஃப் என்கிற ராப் பாடகர். இதற்கு ஒய் எஃப்எம் 107.9. நைஜீரியப் பாட்டுக்கே ஒலிநேரம் போகிறது என்று உள்ளூர்க் கலைஞர்கள் பல வருடமாகப் புலம்புகிறார்கள், டிஜேக்குக் காசு கொடுத்தால்தான் பாட்டு ஓடும் என்கிற பேயோலா குற்றச்சாட்டும் ஓய்ந்தபாடில்லை. கேட்டால் முதல் புலம்பலில் நியாயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

குறைகளுக்கு வருவோம். விளம்பரம், விளம்பரம், விளம்பரம். அதிலும் எல்பிஎம் என்று ஒன்று, அறிவிப்பாளரே பேச்சோடு பேச்சாக மூலிகைக் கசாயத்தையும் காப்பீட்டையும் விற்பார், எங்கே செய்தி முடிந்து எங்கே விற்பனை தொடங்கியது என்றே தெரியாது. பாட்டின் மேலேயே பேசுவார்கள், நல்ல கிட்டார் வரும் இடமாகப் பார்த்து நிலையத்தின் பெயரைக் கத்தும் பதிவு ஒன்று விழும். பாட்டின் பெயரைச் சொல்லும் வழக்கம் குறைவு, பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகளும் பழைய கிட்டார்க் குழுக்களிடம் பல தடவை தோற்றுவிடுகின்றன. நான் வழக்கமாகக் கேட்கும் நிலையம் ஒன்று (பெயர் வேண்டாம்) மழை பெய்தால் நின்றுவிடும், மழை எங்கள் ஊரிலா அங்கேயா என்பது பொருட்டில்லை. ஒலித்தரமும் சுமார்தான். அதில் ஒரு லாபம், 64 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிகூட ஆகாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வெட்டியது விளம்பரத்துக்கு. புதிதாகக் கேட்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பீஸில் தொடங்குங்கள், பிடிக்கவில்லையென்றால் பல்கலைக்கழக வளாக நிலையமான ரேடியோ யூனிவர்ஸ் 105.7-ஐயும் ஒரு முறை பாருங்கள். அமாச்சே டெடே, கோஜோ ஆன்ட்வி என்கிற இரண்டு ஹைலைஃப் பாடகர்களின் பெயர்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்பாளர் சொல்லாவிட்டாலும் அவர்கள் குரல் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.