ஹைஸ்மன் கோப்பையா, வால்டர் கேம்ப் விருதா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆண்டின் சிறந்த வீரர் யார்? இரண்டு விருதுகள் இரண்டு பெயர்களைச் சொன்னால் எதை நம்புவது?

வாக்களிப்பவர்கள்: ஹைஸ்மனுக்கு ஆறு மண்டலங்களில் தலா 145 செய்தியாளர்கள், அவர்களோடு முன்னாள் வெற்றியாளர்கள்; ரசிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. வால்டர் கேம்புக்குத் தலைமைப் பயிற்சியாளர்களும் கல்லூரிகளின் விளையாட்டுத் தகவல் அலுவலர்களும்.

புள்ளிக் கணக்கு: ஹைஸ்மன் வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள்; முறையே 3, 2, 1 புள்ளிகள். இரண்டாமிட வாக்குகளும் முடிவைத் திருப்பக்கூடும். 2009இல் மார்க் இங்ராம் 1,304, டோபி கெர்ஹார்ட் 1,276. இடைவெளி 28 புள்ளிகள்தான்! அவ்வாண்டு வால்டர் கேம்ப் விருதோ ஹைஸ்மனில் மூன்றாமிடம் பெற்ற கோல்ட் மெக்காய்க்குக் கிடைத்தது.

நாடு முழுவதும் பரவிய பார்வை வேண்டுவோருக்கு ஹைஸ்மன். களத்தில் அந்த வீரரைத் தடுக்கத் திட்டம் தீட்டியவர்களின் தீர்ப்பு வேண்டுமென்றால் வால்டர் கேம்ப். என் மனம் சாய்வது இந்தப் பக்கமே.