ஸ்டார் அனலைசர் 100: விண்மீன் சமைத்த கார்பனைக் காட்டும் கீற்றணி

1.25 அங்குல ஐபீஸிலோ கேமராவின் மூக்குக் குழாயிலோ, வடிகட்டி மாட்டும் மரையில், விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் இந்தக் கீற்றணியைத் திருகினால் போதும். மில்லிமீட்டருக்கு 100 கோடுகள். ஒளியில் பெரும்பங்கை ஒரே பக்கத்து நிறமாலைக்குத் தள்ளும்படி கோடுகளைச் சாய்வாக அமைத்திருப்பதால், சிறிய தொலைநோக்கியிலும் பளிச்சென்று தெரிகிறது.

மாட்டும் தூரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேமரா உணரியிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைத்தால், 5 மைக்ரான் பிக்சல் ஒன்றுக்கு 1 நானோமீட்டர் விழும். 700 நானோமீட்டர் சிவப்பு, விண்மீனின் நேர்பிம்பத்திலிருந்து (பிரியாமல் நேரே வரும் ஒளிப்புள்ளி) 3.5 மி.மீ. தொலைவில் விழுவதால், 4.8 மி.மீ. அகல உணரியில் இரண்டும் அடங்கிவிடும். 80 மி.மீ. தள்ளினால் சிவப்பு முனை வெளியே போய்விடும். மிக நெருங்கினால் நிறமாலைக் கோடுகள் ஒன்றோடொன்று குழம்பும்.

ஃபோகஸை விண்மீன் புள்ளியில் வைக்கக்கூடாது. முதலில் சிரியஸைப் பிடித்து, 486.1, 434.0 நானோமீட்டர் ஹைட்ரஜன் கருங்கோடுகள் கூர்மையாகும் வரை திருகுங்கள். அலைநீள அளவீட்டுக்கும் அதே கோடுகள்தான். சாதாரண லென்ஸ் தொலைநோக்கியில் நீல முனை விரிந்து மங்கும். ஆடித் தொலைநோக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து விண்மீன் நிறமாலைமேல் விழுந்தால் கேமராவைச் சற்றுச் சுழற்றினால் சரியாகும்.

இந்தக் கருவிக்கென்றே அமைந்தது போன்ற விண்மீன் காமா வெலோரம். மார்ச் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் சென்னையிலிருந்து தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும். கருங்கோடுகளுக்குப் பதில் 465, 570, 581 நானோமீட்டர் அருகே அகன்ற ஒளிர்கோடுகள். எல்லாம் கார்பன் அயனிகள்! மையத்தில் 10 கோடி கெல்வினுக்கு மேல் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்து உருவான கார்பன் அது. மேலே மூடியிருந்த ஹைட்ரஜன் அடுக்கு பறிபோனதால் உள்ளே வெந்தது வெளியே தெரிகிறது. நகர ஒளியிலும் இது தப்பாது.

மீனத்தில் உள்ள 19 பிசியம் கதை வேறு. அங்கே உட்புறக் கார்பனை விண்மீனின் கொதிப்பே மேலே வாரிக் கொண்டுவந்துவிட்டது. 473.7, 516.5, 563.6 நானோமீட்டரில் கார்பன் மூலக்கூறின் பட்டைகள் படிக்கட்டு போல இறங்கும்.

இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒளியைக் குறுக்கி உள்ளே விடும் மெல்லிய பிளவு இதில் இல்லாததால், நட்சத்திரப் பிம்பத்தின் பருமனே கோடுகளின் கூர்மைக்கு எல்லை. பரந்த நெபுலாக்களுக்கும் பயன்படாது. 1952இல் வானியலாளர் மெரில் சில செந்நிற விண்மீன்களில் கண்ட டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம், விண்மீனுக்குள்ளேயே கனத் தனிமங்கள் பிறப்பதற்கான நேரடிச் சான்று. அதன் எந்த ஐசோடோப்பும் சில கோடி ஆண்டுகூட நிலைக்காது என்பதால், அது அந்த விண்மீனிலேயே உருவாகியிருக்க வேண்டும். ஆனால் 423.8, 426.2 நானோமீட்டரில் உள்ள அந்த மெல்லிய கோடுகளைப் பிரிக்க, பிளவுள்ள உயர்திறன் நிறமாலைமானிதான் வேண்டும்.