அம்மாவின் சுகர் கட்டம்: கூகுள் ஷீட்ஸா, கால்க்கா?

அம்மா ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருக்கிறார், நான் சேலம் அம்மாப்பேட்டையில். வெறும் வயிற்றுச் சுகர், காலை மாலை பிரஷர், மாத்திரை போட்டாச்சா, தினமும் எழுத வேண்டியது அவ்வளவுதான். அம்மா அதைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி டப்பாவில் போட்டு வைப்பார். போன தடவை டாக்டர் மேஜையில் அந்தத் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கினோம். அவர் மேலே இருந்த ஒன்றை மட்டும் பார்த்தார். சரி, மாதம் முழுக்க ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும் என்று இலவச மென்பொருள்களைத் தேட ஆரம்பித்தேன்.

கூகுள் காலண்டரில் கட்டம் தயாராக இருக்கிறது. ஆனால் ஒரு நாளுக்கு நாலு குறிப்பு போட்டால் மாதத் தோற்றத்தில் பாதியை மடக்கி ஒளித்துவிடுகிறது. சராசரியும் எடுக்க முடியாது. ஒரே நாளில் விட்டுவிட்டேன்.

லூப் ஹேபிட் டிராக்கர், தினப் பழக்கங்களைக் குறித்து வைக்க ஆண்ட்ராய்டில் கிடைக்கும் திறந்த மூல செயலி. விளம்பரம் இல்லை, நெட்டும் வேண்டாம். மாத்திரைக்கு மட்டும் என்றால் இதைவிட எளிது கிடையாது: தொட்டால் அந்த நாளில் நிறம் ஏறும். பிரஷரில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் வருவதால், அதை இரண்டு தனிப் பழக்கமாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது கூகுள் ஷீட்ஸும் லிப்ரெஆபிஸ் கால்க்கும். இரண்டும் எக்செல் மாதிரி அட்டவணை போடும் மென்பொருள்கள்: ஷீட்ஸ் நெட்டில் ஓடும், கால்க்கைக் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். கட்டம் போடும் வித்தை இரண்டிலும் ஒன்றுதான். மாதத்தின் முதல் தேதியில் அதன் கிழமை எண்ணை (ஞாயிறு 1, சனி 7) கழித்து ஒன்று கூட்டினால் கட்டம் தொடங்கும் ஞாயிறு வந்துவிடும். அங்கிருந்து ஏழு பத்தி, ஆறு வரிசை, மொத்தம் 42 கட்டம். ஐந்து வரிசை போதாதா என்று தோன்றும். 31 நாள் மாதம் வெள்ளியிலோ சனியிலோ பிறந்தால் போதாது. அச்சுக் காலண்டர்க்காரர்கள் அப்போது 30, 31-ஐ மேலே காலியாக உள்ள கட்டத்தில் திணிப்பார்கள், நமக்கு அந்த வேலை வேண்டாம்.

130/84 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் இரண்டு மென்பொருளுமே அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், சராசரி வராது. அதனால் எண்களை அதே கோப்பில் வேறொரு ஷீட்டில் தனித்தனிப் பத்தியில் வைத்து, சூத்திரம் போட்டுக் கட்டத்துக்கு இழுத்தேன். அப்புறம் நிறம். வீட்டில் எடுக்கும் பிரஷருக்கு எல்லை 135/85, ஆஸ்பத்திரியில் எடுப்பதற்கு 140/90. வீட்டுக் கணக்கைத் தாண்டினால் ஆரஞ்சு, சுகர் 70-க்குக் கீழே போனால் சிவப்பு. இதையும் இரண்டுமே ஒழுங்காகச் செய்கின்றன.

வித்தியாசம் பகிர்வதிலும் அச்சிலும்தான். ஷீட்ஸில் அக்கா மலையில் தட்டினால் எனக்கு இங்கே தெரியும். ஆனால் மழை நாளில் அந்தப் பக்கம் சிக்னல் போய்விடும். ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைக்காவிட்டால் தாள் திறக்காது. அக்கா போட்டு வைக்கவில்லை. நான்கு நாள் எண்கள் மறுபடி காலண்டர் தாளுக்கே போயின. கால்க்கில் அந்தத் தொல்லை இல்லை. இறக்கும்போது முந்நூறு எம்பிக்கு மேல் இழுக்கும், அதோடு சரி. செல் அளவைச் சென்டிமீட்டரிலேயே சொல்லலாம். எரிச்சல் ஒன்றுண்டு: முதல் அச்சில் தாளின் தலையில் ஷீட் பெயரும் அடியில் பக்க எண்ணும் தானாக வந்து நிற்கும். பக்க அமைப்பில் போய் இரண்டையும் அணைக்க வேண்டும்.

நான் கால்க்கில் நின்றுவிட்டேன். வெற்றுக் கட்டத்தை அச்சடித்து மேலே அனுப்புகிறேன், அம்மா பேனாவில் நிரப்புகிறார், அக்கா ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்து அனுப்ப, நான் ஏற்றுகிறேன். எண்ணைத் தட்டுவது பத்து நிமிட வேலை. ஷீட்ஸ் ரசிகர்கள் சிரிக்கலாம்.

முதல் மாதத் தாளைப் பார்த்துவிட்டு அம்மா போனில் சொன்னது: “கட்டத்தை இன்னும் கொஞ்சம் பெருசா போடு கண்ணு, கண்ணாடி போட்டும் எழுத வரல.” படுக்கைவாட்டில் ஏ4, கட்டத்துக்கு 3.9 செ.மீ. அகலம், 2.7 செ.மீ. உயரம் வைத்திருக்கிறேன். இன்னும் கேட்டால் ஏ3 தாள்தான் வாங்க வேண்டும்.