ஆற்று மட்டி: இடம் மாற்றுவதா, வளர்த்து விடுவதா, மடுவைக் காப்பதா?

வாய்க்கால் தூர்வார பெக்கோ வரும் வாரத்தில்தான் மட்டியின் ஞாபகமே பலருக்கு வருகிறது. அதைக் காப்பாற்ற, திருகோணமலை மாவட்டத்தின் ஆறுகளுக்கு எங்கள் தெரிவு இதுதான்: முதலில் மடுவை (ஆற்றின் ஆழமான பள்ளத்தை) காப்பது, வேறு வழியில்லாவிட்டால் இடமாற்றம், கடைசியாக வளர்ப்பு.

காரணம் மீன். இலங்கை நன்னீரில் உள்ள லமெல்லிடென்ஸ், பரேசியா ஆகிய இரு பேரினங்களிலும் தாய் மட்டி தன் செவுளில் லார்வாக்களைச் சுமக்கும். வெளியே வந்த லார்வா உரிய மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டாவிட்டால் சில நாளில் சாகும். மீன் ஏற முடியாதபடி அணை கட்டிய ஆற்றில் கிழட்டு மட்டிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், குஞ்சு இராது.

ஆகவே எதைச் செய்வதற்கும் முன் குஞ்சு தேடுங்கள். அரை மீற்றர் சதுரச் சட்டத்தை மணலில் வைத்து, உள்ளே 15 சென்ரிமீற்றர் ஆழம் தோண்டி, 2 மில்லிமீற்றர் கண் சல்லடையில் அலசுங்கள். பல இடங்களில் பார்த்தும் உள்ளங்கை அளவான பெரிய மட்டிகள் மட்டுமே வந்தால் அங்கே இனப்பெருக்கம் நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு வேறு மட்டிகளைக் கொண்டுபோய் விடுவதில் பயனில்லை.

இடமாற்றம்

மூன்றிலும் விரைவானது, செலவும் பெரிதல்ல. ஆனால் அமெரிக்க இடமாற்றங்களைத் தொகுத்து 1995இல் வெளியான ஆய்வில் சராசரி இறப்பு ஏறத்தாழ பாதி. அவசரமாக அள்ளி, கண்ட இடத்தில் கொட்டுவதுதான் பெரும்பாலும் கொல்கிறது.

மாரி வெள்ளம் வடிந்த பிறகு, விடியற்காலையில் எடுங்கள். ரெஜிபோம் பெட்டியில் ஆற்று நீரில் நனைத்த சாக்கை விரித்து, மட்டிகளை ஒரே அடுக்காக வைத்து மூடி, நிழலில் கொண்டுபோங்கள். வாளித் தண்ணீரில் நிறைத்து வைத்தால் ஒட்சிசன் தீர்ந்துவிடும். ஐஸ் மேலே படவே கூடாது. விடும் இடம் அதே ஆற்றில், அதே மணலில், ஏற்கெனவே மட்டி உயிரோடு இருக்கும் இடமாக இருக்கட்டும்.

எறியாமல் ஒவ்வொன்றாக ஊன்றவேண்டும். ஓட்டின் மேற்புடைப்பு எந்த முனைக்குக் கிட்ட இருக்கிறதோ அது முன்முனை. அது மண்ணுக்குள் போகவேண்டும். நீண்ட பின்முனையில்தான் நீரை இழுக்கும், விடும் துவாரங்கள் உள்ளன. அது மேலே கொஞ்சம் தெரியவேண்டும். மாற்றி ஊன்றினால் திரும்பிப் புதைவதிலேயே அதன் சக்தி போய்விடும். ஓட்டின் ஒரு பகுதியைத் துடைத்து உலர்த்தி, இலக்கமிட்ட துண்டை ஒட்டிவைத்தால் அடுத்த வருடம் எத்தனை பிழைத்தன என்று எண்ணலாம். வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்த்து விடுதல்

தாய் மட்டியின் லார்வாவை மீனில் ஒட்டவைத்து, உதிரும் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுவது இது. நுணுக்குக்காட்டி, தடையில்லா மின்சாரம், மாதக்கணக்கான பொறுமை மூன்றும் இருந்தால் மட்டும். லார்வா நீரில் ஓர் உப்புத் துணுக்கைப் போட்டால் உயிருள்ளவை தம் ஓட்டைச் சட்டென்று மூடிக்கொள்ளும். பெரும்பாலானவை மூடாவிட்டால் அந்தத் தொகுதி வேண்டாம். எந்த மீனில் ஒட்டி வளர்கிறது என்பதை இனம் இனமாகத் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். முன்பு லார்வா ஒட்டிய மீனுக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்பதால் ஆற்று மீனை விடப் பண்ணைக் குஞ்சு நல்லது. உதிரும் குஞ்சு மட்டிகளைத் தட்டைப்புழு தின்னும், அமோனியா கொல்லும். 2013இல் அமெரிக்கா நன்னீருக்கான அமோனியா வரம்பை இறுக்கியதற்கு மட்டிகளின் இந்த மென்மைதான் முக்கிய காரணம். ஒன்றிரண்டு தாய்களின் குஞ்சுகளையே ஆற்றில் நிறைத்தால் இனத்தின் பன்மையும் குறுகிவிடும்.

மடுவைக் காத்தல்

காசு குறைவு, பேச்சு அதிகம். கோடையில் ஆறு வற்றும்போது மீனும் மட்டியும் ஒதுங்குவது மடுவில்தான், அதனால் அங்கே மண் அள்ளவே விடக்கூடாது. தூர்வாரத்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை மட்டும், விட்டு விட்டு வாரச் சொல்லுங்கள்; கரை மருதமரங்களைத் தொடவேண்டாம், நிழல் போனால் மடு கொதிக்கும். துருசை (மதகை) ஒரே நாளில் அடைத்தால் நீர் விறுவிறென்று இறங்கும், மட்டியால் அந்த வேகத்துக்கு ஊர முடியாது. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் அது பள்ளத்துக்குப் போய்ச்சேரும். யூரியா போட்ட வயலின் நீரை ஒரு வாரமாவது வாய்க்காலுக்குத் திறக்கவேண்டாம். உரமும் வீணாகாது, கமக்காரருக்கும் அது இலாபமே. இவற்றையெல்லாம் சிறுபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே பேசி முடிக்கவேண்டும். நீர் திறந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.