நியூசிலாந்து அடர்காட்டில் மான் வேட்டை: எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப், வேறென்ன வேண்டும்?

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு மான் வேட்டை முடிவுக்கு வந்தது. நியூசிலாந்தில் நிலைமை நேர் எதிர். வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை. செம்மானைப் பிரிட்டனிலிருந்து குடியேறிகள் கொண்டுவந்தார்கள். நம் ஊர் மிளா 1870-களில் இலங்கையிலிருந்து போனது. சிக்கா மான் 1905-ல் வந்தது. இவை இளஞ்செடிகளை மேய்ந்து தீர்ப்பதால் காடு புதுப்பிக்க முடியாமல் தவிக்கிறது. அதனால் பெரும்பாலான பொதுக்காடுகளில் வேட்டைக்கு அரசே இலவச அனுமதி தருகிறது.

இங்கே பேசப்போவது வடக்குத் தீவின் தராருவா, ருவாஹினே, கைமனாவா மாதிரியான காடுகளைப் பற்றி மட்டும். பின்னிக் கிடக்கும் கொடிகளும் பெரணிப் புதர்களும் நடுவே இருக்க, பல இடங்களில் 30 மீட்டருக்கு மேல் கண் போகாது. திறந்த மலைச்சரிவில் 300 மீட்டர் சுடுபவருக்கான அறிவுரை எதுவும் இங்கே செல்லாது.

லீவரா, போல்ட்டா?

2019 ஏப்ரலில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெரிய தோட்டா போடும் அரைத்தானியங்கி ரைஃபிள்கள் சாதாரண உரிமக்காரர்களுக்கு இல்லை. மீதியில் முக்கியமானவை இரண்டு. விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்ற லீவர்-ஆக்‌ஷன் ஒன்று. பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்துத் தோட்டா ஏற்றும் டிக்கா, ஹோவா போன்ற போல்ட்-ஆக்‌ஷன் மற்றொன்று.

லீவர் ரைஃபிள் தட்டையாக, குட்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். ஆனால் மேலே சொன்ன வின்செஸ்டர், மார்லின் இரண்டிலும் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பின்புறத்தை இடித்துக்கொண்டிருக்கும், அதிர்ச்சியில் அதை வெடிக்கவும் வைக்கலாம் என்பதால், கூர்மையான உலோக முனை கொண்ட தோட்டாவைப் போடக் கூடாது. பழைய வின்செஸ்டரில் காலித் தோட்டா மேல்பக்கமாக வெளியேறும் என்பதால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்துவதும் தொல்லை.

போல்ட்டில் இந்தச் சிக்கல்கள் இல்லை. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் காலியாக வைத்துக்கொண்டு நடப்பதும், காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் எளிது. வழுக்கும் வேர்களில் விழுந்து எழுந்து போகும் காட்டில் இது பெரிய விஷயம். சுடத் தயாரான பிறகுதான் அறைக்குள் தோட்டா ஏற வேண்டும் என்பது அந்நாட்டின் துப்பாக்கி விதிகளில் ஒன்று. என் ஓட்டு போல்ட்டுக்கே.

எந்தத் தோட்டா?

கனமான, மெதுவான .30-30 (லீவர் ரைஃபிள்களின் வழக்கமான தோட்டா அளவு) தோட்டா புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பாதீர்கள். சுள்ளியில் பட்டால் எந்தத் தோட்டாவும் திசை மாறும். இடைவெளி தெரியவில்லை என்றால் சுடாமல் இருப்பதுதான் வழி.

.308 எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். மிளா அளவு பெரிய உடம்புக்கும் தாங்கும். 7 மி.மீ-08 அதே தோட்டாக் கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. உதை சற்றுக் குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்பவருக்கு அதுவே நல்லது. .243 சிக்காவுக்குப் போதும். பெரிய செம்மானுக்குத் தோட்டாவையும் குறியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: 30 மீட்டரில் தோட்டா முழு வேகத்தில் இருக்கும். ஈயத்தின் மேல் மெல்லிய உலோக உறை கொண்டது சிதறி, முன்தொடை இறைச்சியையே பாழாக்கிவிடும். உறையும் ஈயமும் பிணைந்த தோட்டாவோ முழுச் செம்புத் தோட்டாவோ மேல்.

குழலின் நீளத்தில் தயங்கவே வேண்டாம். 22 அங்குலத்தை 16 அல்லது 18 ஆக்கினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விநாடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகம் குறையும், அவ்வளவுதான். 50 மீட்டரில் மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கொடியில் மாட்டி மாட்டி இழுபடும் உங்களுக்கு நன்றாகவே தெரியும். அங்கே குழல் முனையில் சப்ரஸர் (சத்தம் குறைப்பான்) பொருத்த அனுமதி உண்டு. காதுக்கு அது தேவை. அதன் நீளத்தையும் சேர்த்தே குழலை அளக்க வேண்டும்.

கண்ணாடிதான் முக்கியம்

காசு குறைவாக இருந்தால் ரைஃபிளில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். பலரும் வாங்குவது 3-9 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுவது. அதை 9-ல் விட்டுவிட்டு நடந்தால், 30 மீட்டரில் உங்களுக்குத் தெரிவது சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். பழுப்பு மயிர் தெரியும், எந்த மிருகம், எந்தப் பக்கம் தலை என்று புரியாது. 1-4 அல்லது 1-6 ஸ்கோப்பை ஒன்றில் வைத்தால் முழுக் காட்சியும் கண்ணுக்குள் வரும். கண்ணாடியில் சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் ரெட் டாட் இன்னும் வேகமானது, இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம். ஆனால் பெரிதாக்கிக் காட்டாது. அந்தி நேரத்தில் கொம்புக்கும் கிளைக்கும் வித்தியாசம் சொல்லாது. அதனால் நான் 1-4 பக்கம்.

அதைவிட முக்கியம் பைனாகுலர். 30 மீட்டர் காட்டில் அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கோப்பால் அடையாளம் பார்க்கிறவர், பார்க்கும் பொருளின் மேல் குழலை நீட்டிவிட்டார். அந்தப் பொருள் மனிதராக இருந்தால்? மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண் செம்மான்கள் கர்ஜிக்கும் பருவத்தில் வேட்டைக்காரர்களும் கர்ஜித்து மானை அழைக்கிறார்கள். ஒருவர் குரலை மான் என்று நம்பி இன்னொருவர் நெருங்குவார். சத்தம், நிறம், அசைவு இவற்றில் எதுவும் மான் என்பதற்குச் சாட்சி இல்லை. தலை, கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்து தெரிய வேண்டும். கூட வந்த நண்பரையே சுட்டுக் கொன்ற துயரங்கள் அந்நாட்டில் நடந்திருக்கின்றன. 10 மடங்கைவிட 8 மடங்கு பைனாகுலர் கைநடுக்கத்தைக் குறைவாகக் காட்டும், காட்சியும் அகலம். 8x32 (8 மடங்கு, 32 மி.மீ முன்கண்ணாடி) கழுத்துக்குப் பாரமாக இருக்காது.

உடையும் மற்றதும்

ஆரஞ்சுச் சட்டையா, காட்டு நிறச் சட்டையா என்ற வாதத்துக்கு மானின் கண்ணே பதில் சொல்லும். ஆரஞ்சும் பச்சையும் அதற்குப் பிரித்துத் தெரியாது; நீலம் பளிச்சென்று தெரியும். ஆகவே ஆரஞ்சு அணியுங்கள், நீல ஜீன்ஸை வீட்டில் விடுங்கள். கம்பளியும் ஃபிளீஸும் கிளையில் உரசினால் சத்தம் வராது. மழைக்கோட்டு சரசரக்கும், பையில் மட்டும் இருக்கட்டும்.

ஆபத்துக்கு உதவி கேட்க இரண்டு கருவிகள். செயற்கைக்கோள் வழியே அபாயக் குறியை மட்டும் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனுக்கு மாதச் சந்தா இல்லை, பேட்டரி பல வருடம் தாங்கும், ஆனால் செய்தி அனுப்பாது. செயற்கைக்கோள் மெசஞ்சரில் வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம். சந்தாவும் சார்ஜும் வேண்டும். தனியாகப் போகிறவருக்கு நான் பீக்கனைத்தான் சொல்வேன். அதை முதுகுப்பையில் போடாதீர்கள், இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள். மானைப் பின்தொடரும்போது முதலில் கழற்றி வைப்பது பையைத்தான்.