வடக்கு தெரியாத மொட்டைமாடியில்: ஷார்ப்கேப்பா, நினாவா?

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கவில்லை என்றால், நீண்ட எக்ஸ்போஷரில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். இரண்டையும் இணையாக்குவதுதான் போலார் அலைன்மெண்ட். இதற்கு மேல் முன்னுரை வேண்டாம். போலார் ஸ்கோப்பில் கண்ணை வைத்துச் செய்யும் பழைய முறையையும் ஒதுக்கிவிடுகிறேன். கேமராவும் லேப்டாப்பும் கையில் இருக்கிறவர் முன்னால் இன்று வந்து நிற்பவை இரண்டு மென்பொருள் வழிகள்: ஷார்ப்கேப்பின் போலார் அலைன் வசதி, நினாவின் மும்முனை முறை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் நினாவில் நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஷார்ப்கேப்புக்குத் துருவப் பகுதியே வேண்டும். தொலைநோக்கியையோ அதோடு பொருத்திய சின்ன கைடு ஸ்கோப்பையோ வான முனைக்கு (பூமியின் அச்சு வானில் சுட்டும் புள்ளி, துருவ நட்சத்திரத்தை ஒட்டியது) ஏறக்குறைய 5 பாகைக்குள் திருப்பி ஒரு படம் எடுக்கும். ஆர்ஏ அச்சை, அதாவது மவுண்டின் சுழல் அச்சை, சுமார் 90 பாகை சுழற்றியதும் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டு, மவுண்ட் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது, உண்மையான முனை எங்கே என்று கண்டுபிடித்துவிடும். நினா வானத்தில் எந்தப் பகுதியிலும் தொடங்கும். ஆர்ஏவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மூன்று இடங்களில் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் பிளேட் சால்விங் செய்யும், அதாவது படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து அது வானில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கும். அந்த மூன்று புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் மையம்தான் மவுண்டின் அச்சு. அது முனையிலிருந்து எத்தனை கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று உயரத்துக்கும் திசைக்கும் தனித்தனியாக எண் வரும்.

விலை, வேகம், திரையின் அழகு என்று ஆளாளுக்கு அளவுகோல் வைத்திருப்பார்கள். நம் ஊரில் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் மாடியிலிருந்து துருவ நட்சத்திரம் தெரியுமா?

ஐரோப்பாவில் 50 பாகை உயரத்தில் நிற்கும் நட்சத்திரம் சென்னையில் 13 பாகையிலும் மதுரையில் 10 பாகையிலும் திருநெல்வேலியில் ஒன்பதுக்கும் கீழேயும் கிடக்கிறது. என் மாடியில் வடக்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுத் தென்னை, அதுவும் இல்லை என்றால் அபார்ட்மெண்ட். மறைப்பே இல்லாத இடத்திலும், 13 பாகை உயரத்தில் ஒளி கடந்து வரும் காற்று தலைக்கு நேர் மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். தூசு, ஈரப்பதம், நகர வெளிச்சம் எல்லாம் சேர்ந்துகொண்டால் துருவத்தைச் சுற்றியுள்ள மங்கலான நட்சத்திரங்கள் கேமராவுக்கே சரியாகக் கிடைக்காது. ஷார்ப்கேப் நம்பியிருப்பது அவற்றைத்தான்.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. அடிவானத்தை ஒட்டிய ஒளி வளைந்து வருவதால் நட்சத்திரங்கள் உள்ளதைவிடச் சற்று மேலே தெரியும். துருவத்தின் உயரத்தில் இந்த ஏமாற்று சென்னையில் சுமார் 4 கலை, மதுரையில் 5 கலைக்கும் மேல். ஒரு கலை விலகலுக்கு டெக்ளினேஷனில் (வானின் வடக்கு-தெற்குத் திசையில்) நிமிடத்துக்குக் கால் விகலை (ஒரு விகலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை நழுவும் என்று வைத்துக்கொண்டால், 4 கலைக்கு நிமிடத்துக்கு ஒரு விகலை. 5 நிமிட எக்ஸ்போஷருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நினாவை நான் தெற்கே 50, 60 பாகை உயரத்தில் தொடங்குகிறேன். அங்கே அதே வளைவு ஒரு கலைக்கும் குறைவு. இதற்கான திருத்தம் இரு மென்பொருளின் அமைப்புகளிலும் இருக்கிறது. ஷார்ப்கேப்பில் மறக்காமல் பார்க்க வேண்டியது அது. காற்றால் உயர்ந்து தெரியும் முனைக்கு வைப்பதா, உண்மையான முனைக்கா என்பதில் அனுபவசாலிகளுக்குள் வாதம் உண்டு. நான் எப்போதும் கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டை உடனுக்குடன் திருத்துவது) போட்டே எடுப்பதால் என் படங்களில் வித்தியாசம் கண்டதில்லை, தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன்.

நினாவில் தொடங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை: உச்சி வானம் வேண்டாம். அங்கே மவுண்டைப் பக்கவாட்டில் திருப்பினால் படம் சுழலுமே தவிர நகராது.

அப்புறம் திருகுகள். எண்கள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது உயரத்துக்கான போல்ட்டைத் திருப்புவதுதான் மொத்தப் பொறுமையையும் கேட்கும் வேலை. கீழே இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினால் எடை அப்புறமும் கொஞ்சம் இறங்கும். அதனால் தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு, மேலே தள்ளியபடி வந்து நிறுத்துங்கள். முக்கால் கலை என்று காட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டுப் பூட்டுத் திருகை இறுக்கினால், சட்டென்று மூன்றுக்குத் தாவும். இறுக்கும்போதும் ஓட்டத்தை நிறுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. முதலில் பிழை பாகைக் கணக்கில் இருந்தால், பெரிய திருத்தம் முடிந்ததும் மூன்று புள்ளிகளையும் மறுபடி எடுத்துவிடுங்கள். ஆரம்பத் திசைக்கு ஃபோன் காம்பஸ் போதும், தமிழ்நாட்டில் காந்த விலக்கம் (காம்பஸ் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) இரண்டு பாகைக்கும் குறைவுதான். ஆனால் ஃபோனை எடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எந்த மென்பொருளாலும் தீராத ஒரு தொல்லையும் உண்டு. இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் எடைக்கட்டித் தண்டு ஏறக்குறைய நேர் கீழே, கொஞ்சம் வடக்கு சாய்ந்து தொங்கும். முக்காலியின் ஒரு கால் வடக்கே இருந்தால் அதில் இடிக்கும். இரண்டு கால்கள் வடக்குப் பக்கம் விரிந்திருக்கும்படி முக்காலியைத் திருப்பி வையுங்கள். கால் நிற்கும் மூன்று இடங்களிலும் பெயிண்டால் புள்ளி வைத்துவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்தது.

சரி, ஷார்ப்கேப்புக்கு என்ன நியாயம் இருக்கிறது? வடக்கு திறந்திருந்தால் அதுதான் வேகம். மவுண்டைக் கணினியோடு இணைக்கவே வேண்டாம், கையால் சுழற்றினாலும் ஏற்கும். ‘கோ-டூ’ வசதி (சொன்ன இடத்துக்குத் தானே திரும்புவது) இல்லாத சின்ன டிராக்கர் மவுண்டுகளுக்கு இது பெரிய விஷயம். நினாவிலும் கையால் நகர்த்தும் வழி உண்டு, ஆனால் சுகமாக இருக்காது. ஷார்ப்கேப்பில் இந்த வசதிக்குக் கட்டண உரிமம் தேவை. நினா இலவசம், திறந்த மூலம். இரண்டும் விண்டோஸில்தான் ஓடும்.

கைடிங் மென்பொருளான பிஹெச்டி2-இன் டிரிஃப்ட் முறைக்கும் (நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்துச் சரிசெய்வது) வடக்கு வேண்டாம், காசும் வேண்டாம், நேரம்தான் தின்னும். நான் அதைச் சரிபார்க்க மட்டும் வைத்திருக்கிறேன். அதிலுள்ள கைடிங் அசிஸ்டெண்டைச் சில நிமிடம் ஓடவிட்டால், மிச்சமிருக்கும் பிழையைச் சொல்லிவிடும். படமெடுப்பைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான ஏசியேர் பெட்டியிலும் துருவம் தெரியாமல் சரிசெய்யும் வசதி பின்னால் வந்தது. நண்பர் ஒருவரிடம் பார்த்ததோடு சரி, என் கையால் ஓட்டவில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. 1.3 பாகையில் ஷார்ப்கேப் கேட்கும் துருவம் கிடைக்க வழியில்லை. அங்கே முதல் கேள்வி, மவுண்ட் அவ்வளவு கீழே இறங்குமா என்பது.

ஜவ்வாது மலைப் பக்கம் வடக்கு திறந்த ஒரு மேட்டுக்குப் போகும்போது ஷார்ப்கேப்பைத் திறப்பேனா? டிராக்கர் மட்டும் எடுத்துப்போயிருந்தால் திறப்பேன். பெரிய மவுண்ட் என்றால் அங்கேயும் நினாதான். அதற்கு அஸ்டாப் போன்ற பிளேட் சால்விங் மென்பொருளும் அதன் நட்சத்திரத் தரவுத்தளமும் வேண்டும். இறக்க நேரம் எடுக்கும் பெரிய கோப்பு. மலையில் சிக்னலை நம்ப வேண்டாம், வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஒரு படத்தை சால்வ் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.